வெள்ளிக்கிழமை நடந்தது யார்?

“அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க நடந்தீங்க?” என்று கேட்டார் பயிற்சியாளர் அதீஃப்.

சிவமணி அக்காவின் இடது முழங்கால் வீங்கியிருந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காகச் சிராங்கூனில் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பில் அவர் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. வகுப்பில் எல்லோருக்கும் உள்ளே சிறு கருவி வைத்த ஒரு துணிப் பட்டை கொடுத்திருந்தார்கள். முழங்காலில் கட்டிக்கொண்டால், எத்தனை முறை மடக்கினோம், எவ்வளவு நடந்தோம் என்று அது கைப்பேசிக்குச் சொல்லும். அதை வைத்து அடுத்த வாரப் பயிற்சி கூடும், குறையும்.

“ரெண்டு வாரமா வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மேல ரொம்ப நடந்திருக்கீங்க. அதான் லெவல் ஏறிடுச்சு. வீக்கம் இப்படியே இருந்தா கிளாஸை நிறுத்திட்டு சர்ஜன்கிட்ட அனுப்பணும் லா.”

அறுவை சிகிச்சை என்றாலே அக்காவுக்குப் பயம். ஆனால் அதைவிட வேறொன்று அவரைத் திகைக்க வைத்தது. வெள்ளிக்கிழமை ஆறரைக்கு அந்தப் பட்டை அவர் காலிலேயே இருப்பதில்லை. காலில் கட்டிய வேர்வைத் துணியோடு அம்மன் சந்நிதிக்குள் போக மனம் வராமல், வாராவாரம் தேக்காவில் உள்ள கோயிலின் வாசலிலேயே கழற்றிச் செருப்பின் மேல் வைத்துவிட்டுப் போவார்.

செருப்புக்குக் காவல் அசோக். அவரும் அதே வகுப்புதான். மனைவி இறந்து ஓராண்டு முடியாததால் கோயிலுக்குள் வருவதில்லை. அக்காவோடு பேருந்தில் வந்து, வாசலில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுக்கொள்வார்.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய பேச்செல்லாம் வேறு விதமாகக் கேட்கிறது. ‘பட்டையை நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க’ என்றாரே, எதற்கு? போன வாரம் ஏன் அப்படி வேர்த்து நின்றார்? எனக்கு லெவல் ஏறியதும் கைதட்டினாரே, கேலியா? ஐந்து வாரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரை அக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, அம்மனைப் பதினொரு சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்த அக்கா மூன்றோடு நிறுத்தி வெளியே வந்தார். செருப்பு இருந்தது. பட்டையைக் காணோம். அசோக்கையும் காணோம்.

நடைபாதையில், பூக்கடைகளுக்கு முன்னால் ஒருவர் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தார். அசோக்தான். வலது முழங்காலில் அவருடைய பட்டை, இடதில் அக்காவுடையது.

“அசோக்! என்ன பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டு நின்றார். “ரெண்டு சுத்து ஆச்சுக்கா. இன்னும் ஒம்போது இருக்கு.”

“யாரோட சுத்து?”

“உங்களோடதுதான். உள்ள அவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்துறீங்க, இது பாட்டுக்குச் செருப்பு மேல கிடக்குது. டார்கெட் வரலேன்னு முன்ன ஒரு நாள் உங்க முகமே வாடிப்போச்சு. அதான், உங்க பங்கை நான் வெளிய நடந்தேன்.”

“ஐயோ, உள்ள ஒரு சுத்து எவ்வளவு தூரம்? நீங்க அந்த சிக்னல் வரைக்கும் போய்ட்டு வர்றீங்க! அதனாலதான் லெவல் ஏறி, என் கால் இப்படி வீங்கியிருக்கு!”

அசோக்கின் முகம் சுண்டிப்போனது. பட்டையைக் கழற்றக் குனிந்தவருக்கு முழங்கால் மடங்கவில்லை. அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலோடா எனக்காக நடந்தார்? தான் நினைத்ததையெல்லாம் எண்ணி அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லியும் விட்டார்.

“நான் உங்களைத் தப்பா நினைச்சேன்.”

“நான் தப்புதானேக்கா பண்ணியிருக்கேன்.”

செவ்வாய்க்கிழமை இருவரும் அதீஃப் முன்னால் நின்று உண்மையைச் சொன்னார்கள். அவர் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். பொய் நடையை அழித்துவிட்டு, லெவலைப் பழைய இடத்துக்கு இறக்கினார். “ரெண்டு வாரம் பாப்போம். இப்போதைக்கு சர்ஜன் வேணாம். அக்கா, அது துணிதானே? கருவியைக் கழட்டிட்டு துவைச்சுக் கட்டிக்கலாமே.”

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா துவைத்த பட்டையைக் கட்டிக்கொண்டே உள்ளே போனார். மனத்தில் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு போன வாரமும் அம்மன் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? சுத்தமான துணிக்கா கோபப்படப்போகிறாள்? மெதுவாக, காலுக்கு முடிந்த மூன்று சுற்று.

வெளியே வந்தபோது அசோக் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பாமல் கால் நுழைக்கும்படி, செருப்பு இரண்டையும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.