துடுப்பு நுழையாத அடுக்களை

காப்பிக் குவளை கையில் இருக்கும்போது மட்டும்தான் அஸ்லாக் வாய் திறப்பார். துடுப்பு செய்யும் பட்டறை வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைக் கொட்டகை. பெர்கன் நகருக்கு வடக்கே குளிர்காலம் முதலில் விரலைத்தான் தின்னும். விரல் விறைத்ததும் உளியைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடி வருவார். விரல் இளகும்போது நாக்கும் இளகும். கடலில் என்ன காற்று, எந்தக் கட்டையில் கணு, செத்துப்போன தம்பி கனவில் வந்தது என்று ஏதாவது சொல்வார். மனைவி குன்வோருக்கு அந்தப் பேச்சுதான் அன்றைய நாள்.

அதைக் கெடுத்துக்கொண்டதும் அவளேதான். அவர் பெருவிரல் வெடித்து ரத்தம் கசிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏய்யா, இது கையா, காஞ்ச கருவாடா? அந்தக் கொட்டகைய ஒழுங்கு பண்ணாம இனிமே உனக்குக் காப்பி கிடையாது."

பலகை இடுக்குகளில் அவளே ஆட்டு ரோமத்தைத் திணித்தாள். மண் தரைமேல் பலகை பாவினார்கள். மூலைக்கு ஒரு சின்ன இரும்பு அடுப்பு வந்தது. வீட்டிலிருந்த பழைய சோபாவும் போயிற்று. முதல் பனி விழுந்தபோது கொட்டகை வெதுவெதுவென்று இருந்தது. அஸ்லாக் அடுக்களைக்கு வரவில்லை.

குன்வோர் காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். ஆறியதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்றிருந்தது. புருஷன் கை விறைக்கட்டும் என்று ஆசைப்படுகிற மனதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கொட்டகைப் புகைபோக்கியில் புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு யோஸ்தைன் வந்தான். பிறகு படகுத்துறைக் கிழவர்கள். சர்க்கரை இருக்கும் இடத்தை எறும்புக்குச் சொல்லவா வேண்டும்! சோபாவில் காலை நீட்டி அரசாங்கத்தையும் மீன் விலையையும் அலசினார்கள். சிரிப்புச் சத்தம் அடுக்களை வரை கேட்டது. இருக்கிற நாலு வார்த்தையையும் அங்கேயே கொட்டிவிடுவார், தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று குன்வோர் பயந்தாள்.

ஒரு நாள் காலை அடுக்களைக் கதவு படாரென்று திறந்தது. முதலில் ஒரு துடுப்பு நுழைந்தது. பின்னால் அஸ்லாக்.

"இங்கயே வச்சு இழைச்சுக்கறேன். அங்க முடியாது."

"ஏன், உன் சபையில இடமில்லையா?"

"சபையாம் சபை! யோஸ்தைன் வாய மூடினா வானம் இடிஞ்சு விழுந்துடும். வேலையும் ஓடல, ஒரு வார்த்த பேசவும் வழியில்ல. உன்கிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையிலயே நிக்குது."

"அப்ப அவங்கள வெரட்ட வேண்டியதுதானே?"

"குளிருக்கு ஒதுங்கின மனுசன எப்படி வெரட்டறது?"

அடுக்களையில் ஒரு மரச்சீவல்கூட விழக்கூடாது என்பது குன்வோர் போட்ட சட்டம். இன்று அவளே மேசையை ஒதுக்கிக் கொடுத்தாள். அஸ்லாக் துடுப்பை மேசைமேல் கிடத்தினார். பாதிதான் உள்ளே வந்தது. மீதி வாசலைத் தாண்டிப் பனியில் நீட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்த வழியில்லை. காற்று உள்ளே புகுந்து திரைச்சீலையைத் தூக்கியடித்தது.

"உனக்குக் குளிருமேம்மா," என்றார்.

குன்வோர் எழுந்துபோய்க் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு குவளைகளில் காப்பி ஊற்றி எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு," என்றாள்.