துடைத்து வைத்த தொட்டி

ஊதாப் பவளம் வெளுத்துப்போயிருந்தது.

கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டியில் அதுதான் பெரியது. மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு நிற்கும். யெல்மரின் மனைவி நீன்கே விரல் நீளத் துண்டாக வாங்கிவந்து பாறையில் ஒட்டியது. போன பிப்ரவரியில் நீன்கே இறந்துபோனாள். துண்டு வளர்ந்துகொண்டே இருந்தது. மற்ற பவளம் போனால் கடையில் வேறு வாங்கலாம். இது போனால் போனதுதான்.

யெல்மர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தான். இணையத்தில் படித்திருந்தான். ஒரு நோய் இருக்கிறதாம், வந்தால் சதை உரிந்து எலும்பு மட்டும் நிற்குமாம். கெட்ட கிளைகளை உடனே வெட்டி எறிந்தால் மீதி பிழைக்கலாம். எல்லாக் கிளையும் வெளுத்திருந்தது. எதை வெட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாமனார் டௌவே காபிக்கு வந்தார். டோக்கும் ஊர்ப் பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கையில் சர்க்கரை ரொட்டியோடு தொட்டி முன் நின்றார்.

"என்ன மாப்ள, எம் பொண்ணோட செடி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது?"

"செடி இல்ல மாமா. அதுக்கும் உசுரு, வாய் எல்லாம் இருக்கு."

"அப்ப டாக்டரக் கூப்பிடுங்க. குறட்டை எதுக்குக் கையில வச்சிட்டு நிக்கறீங்க?"

யெல்மர் ஹிஸ்கேயைக் கூப்பிட்டான். லேவார்டன் நகரக் கடல்தொட்டிச் சங்கத்தின் தலைவி. தொழிலில் பல் டாக்டர். டார்ச், பூதக்கண்ணாடி, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தாள்.

"அந்தக் குறட்டை மொதல்ல கீழ வை. பல்லு வலின்னு வந்தவன் தாடையையே கழட்டச் சொன்ன கதையா இருக்கு."

கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டுக் கிளைகளின் அடியைப் பார்த்தாள். "ஆ காட்டு, செல்லம்," என்றாள் பவளத்திடம்.

"நோய்னா தோல் பிய்ஞ்சு தொங்கும்ப்பா. அநேகமா அடியில இருந்து ஏறும். இங்க தோல் அப்படியே ஒட்டிட்டு இருக்கு. நெறந்தான் போயிருக்கு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி." பிறகு ஒரு பீச்சாங்குழலால் கிளைகளின் மேல் தண்ணீரை அடித்துப் பார்த்தாள். புழு எதுவும் உதிரவில்லை. "கடிச்ச தடமும் இல்ல. நுனி மட்டும் வெந்திருக்கு. தண்ணியப் பாக்கலாம்."

சின்னக் குப்பிகளில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கினார்கள். நைட்ரேட் குப்பியில் நிறம் ஏறவே இல்லை. பாஸ்பேட்டும் அப்படியே. காரத்தன்மை மட்டும் உச்சியில்.

"ரெண்டும் பூஜ்யம்," என்றான் யெல்மர், கொஞ்சம் பெருமையாக. "தண்ணி சுத்தம்தானே அக்கா?"

"எப்பிடி வச்சிருக்க?"

சொன்னான். தினமும் கண்ணாடி துடைப்பு. தினமும் வடிகட்டிப் பஞ்சு மாற்றல். நுரையோடு அழுக்கை இழுக்கும் ஸ்கிம்மர் முழு வேகத்தில். பாஸ்பேட் உறிஞ்சும் மணிகள் இரண்டு பங்கு. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி.

"எதுக்குப்பா இவ்வளவு?"

"வேற வேலை இல்லக்கா."

ஹிஸ்கே பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தாள். அது அழுக்காக இல்லை.

"இது பட்டினி," என்றாள். "வெறும் உப்புத்தண்ணியில நிக்குது. சோறு போடாம காரத்த மட்டும் ஏத்தி வளரு வளருன்னா, நுனி வெந்துதான் போகும்."

டௌவே நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நைட்ரேட் இல்லாமயா சாவுது? எங்க வாய்க்கால்ல நைட்ரேட் கூடிப்போச்சுன்னு அதிகாரிங்க வருஷம் பூரா எங்கழுத்த அறுக்கறாங்க. மாட்டக் கொறைங்கறான், எருவக் கொறைங்கறான். இங்க என்னடான்னா அது இல்லன்னு ஒப்பாரி! ஒரு வார்த்த சொல்லுங்க மாப்ள, நாளைக்கே ஒரு டேங்கர் சாணித்தண்ணி அனுப்பறேன்."

ஹிஸ்கே தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யெல்மருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் குரல்தானா என்று ஒரு கணம் யோசித்தான்.

"டேங்கர் வேணாங்க. மீனுக்கு நல்லாத் தீனி போட்டா போதும். அது தின்னு கழிச்சா பவளத்துக்குச் சாப்பாடு." உறைந்த இறால் தேடி ஹிஸ்கே குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று இருந்தது. ஒரு கடுகு பாட்டில், ஒரு எலுமிச்சை.

"இங்கயும் ரெண்டும் பூஜ்யம்," என்றாள்.

டௌவே எழுந்தார். சர்க்கரை ரொட்டியில் தடிமனாக ஒரு துண்டு வெட்டி, வெண்ணெய் அப்பி, மருமகன் கையில் வைத்தார். அவன் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிகளை எடுத்தாயிற்று. ஸ்கிம்மர் வேகம் குறைந்தது. காரத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். கண்ணாடியைத் துடைக்காதே என்றிருந்தாள் ஹிஸ்கே. அதுதான் கஷ்டமாக இருந்தது. சில நாளில் பச்சைப் பாசி படர்ந்தது. கை தானாகச் சுரண்டியைத் தேடியது. சுரண்டியைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினான். மீன்கள் கொழுத்தன. அவன் கூடத்தில் நடந்தால் கண்ணாடியோரமாகக் கூடவே வந்தன.

வெளுப்பு மெல்ல மறைந்தது. ஆனால் ஊதா வரவில்லை. பவளம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது, ஈரச் சேறு மாதிரி. யெல்மர் படம் எடுத்து அனுப்பினான். ஹிஸ்கே உடனே போன் செய்தாள்.

"வாழ்த்துகள்ப்பா! உள்ள இருக்கற பாசி திரும்பி வந்திருச்சு. அதுதான் அதுக்குச் சமையக்காரன். ஊதா மெதுவா வரட்டும்."

அந்த ஞாயிறு டௌவே தொட்டி முன் நின்று முகம் சுளித்தார்.

"இதுக்கு முன்னாடியே பரவால்ல போலிருக்கே. சாணி நெறத்துல இருக்கு."

"ஆமா மாமா. அழகா இல்ல?"

டௌவே குனிந்தார். பாசியில்லாத ஒரு மூலை வழியாகப் பார்த்தார். கிளை முழுக்க மயிரிழை போன்ற சிறு கைகள் வெளியே நீண்டு தண்ணீரில் அசைந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"பொழைச்சுக்குமா?"

"பொழைச்சிருச்சு மாமா."

அவர் தலையாட்டிவிட்டு அடுக்களைக்குள் போனார். கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் சும்மா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அலமாரிகள் திறந்து மூடும் சத்தம்.

"மாப்ள, பெரிய பாத்திரம் எங்க? பட்டாணி சூப் வைக்கலாம்னு பாக்கறேன். மத்தியானமும் இங்கதான் இருக்கப்போறேன்."

"கீழ் அலமாரியில மாமா," என்றபடி யெல்மர் எழுந்து போனான்.