இருபத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு நிமிடம்

"உங்களைத்தாங்க கேக்குறேன். அந்த டிவி ஒயரைக் கடையில மாத்திட்டு வரணுமா, வேணாமா?"

மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடியே அவள் அறைக்குள் வந்தாள். அவர் நாற்காலியில் வழக்கம்போலச் சற்று முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. எதிரே மேசையில் அருகருகே இரண்டு டிவிகளில் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் அந்த ருஷ்யக்காரி படகைவிட்டு இறங்கிக் கரையேறிக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்தில் அவளே இன்னும் நடு ஆற்றில், பனிமூட்டத்துக்குள், படகில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க இது, ஒண்ணு முன்னாடி போகுது, ஒண்ணு பின்னாடி வருது. தூங்கிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டாள்.

தலை பக்கவாட்டில் சரிந்தது. மடியிலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. மேசையிலிருந்த இரண்டு ரிமோட்டுகளையும் எடுத்து, இடது கையால் ஒரு படத்தையும் வலது கையால் இன்னொரு படத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்கப்புறம்தான் அவருடைய கன்னத்தைத் தட்டினாள், மூக்கின் அருகே விரலை வைத்தாள், போனைத் தேடி ஓடினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று முப்பத்தைந்து.

அவர் எடை அளவைத் துறையில் அதிகாரி. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை வைப்பது வேலை. ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு கிராம் கூடக் குறைய விட்டவரில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த ருஷ்யப் படம். இளைஞனாக இருந்தபோது ஏதோ ஒரு திரைப்பட சங்கத்தில் பாதிக்குப் பாதி கீறல் விழுந்த பிரதியில் பார்த்தாராம். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. டேப்பாக வந்ததை வாங்கினார். டிவிடி வந்தபோது அதை வாங்கினார். வேறொரு நாட்டில் வேறொரு டிவிடி வந்தது, அதையும் வரவழைத்தார். இந்த வாரம் புதிதாக ப்ளூரே வந்திருந்தது. படம் ஒன்றுதான், வீட்டில் நான்கு பிரதிகள் இருந்தன. எதில் பச்சை தூக்கல், எதில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, எதில் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று மழைச் சத்தத்தையே துடைத்துவிட்டார்கள் என்றெல்லாம் நோட்டில் எழுதி, இணையத்தில் ஒரு பக்கத்தில் போடுவார். உலகம் முழுக்கச் சேர்த்து நாற்பது பேர் படிப்பார்கள். அதில் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அதனால் அவளுடைய கண்மீது அவருக்கு அபார நம்பிக்கை. "இங்க கொஞ்சம் வாயேன். இதுவா அதுவா, எது தெளிவா இருக்கு, சொல்லு" என்பார். "நாள் பூரா கடையில இதையேதான் கேட்டுட்டு வரேன். வீட்டுலயும் என்னை உக்கார வச்சு நீங்க கேக்குறீங்களா?" என்று அவள் பொய்யாகச் சலித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்லுவாள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார்.

ஆம்புலன்ஸில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் நிறுத்திவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கடைசியா எப்போம்மா பேசினாரு?"

"பதினொன்னே காலுக்கு. டீ வேணுமான்னு கேட்டேன். 'ம்'னாரு."

"நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல, நான் அடுப்படியில இருந்தேன். ஆனா சொன்னாரு, நல்லாக் கேட்டுச்சு. நான் டீ போட ஆரம்பிச்சேன், அதுக்குள்ள என் தங்கச்சி போன் பண்ணிட்டா. பேசிட்டே நின்னுட்டேன்."

அந்தப் பெண் அவருடைய விரல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "பதினொன்னே கால்னு எழுதிக்கிறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கென்னவோ அதுக்கும் முன்னாடியேன்னு தோணுதும்மா. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

"அதெப்படி? பதில் சொன்னாருங்கிறேன்ல!"

யாரும் அவளோடு வாதாடவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த அவருடைய தம்பி ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். "அண்ணி, நீங்க வீட்ல இருங்க. பொண்ணு வந்ததும் ரெண்டு பேருமா வாங்க. சர்டிபிகேட் எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு காலியானது. அடுப்பின் மேல் பால் பாத்திரம் ஆடை கட்டிக் கிடந்தது.

மகள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. கதவு திறந்தே இருந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தவள் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு திரையிலும் படம் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது.

"அம்மா... என்னம்மா பண்றே? அப்பா அங்க..."

"வா. உன் போன்ல அந்த ஸ்டாப் வாட்ச் இருக்கும்ல, அதை எடு."

"என்னது?"

"எடுன்னு சொல்றேன்ல."

அம்மாவின் முகத்தில் அழுத தடமே இல்லை. அதைப் பார்த்துத்தான் மகளுக்குப் பயம் வந்தது. போனை எடுத்தாள்.

"இடப்பக்கம் இருக்கிறது பழைய டிவிடி. அது கொஞ்சம் வேகமா ஓடும். அது வந்த நாட்டு டிவிக்காக அப்படிப் பண்ணி வச்சிருக்காங்களாம். வலப்பக்கம் புதுசு, அதுதான் சரியான வேகம். சத்தமும் அதுல மட்டும்தான் வைப்பாரு. ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டா, இருபத்துநாலு நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் பழசு முந்திடும். உங்கப்பா என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்காரு. அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பழசை நிறுத்தி, புதுசு வந்து சேர்ந்ததும் மறுபடி ஓட்டுவாரு. ஒரு தடவைகூட விடமாட்டாரு."

மகளுக்கு மெல்லப் புரியத் தொடங்கியது. "அம்மா, வேணாம்மா" என்றாள்.

"இடப்பக்கம் அவ கரையில காலை வைக்கிறா பாரு. வலப்பக்கத்துல அவ எப்போ கால் வைக்கிறாளோ, அப்போ நிறுத்து."

வலப்பக்கத்து ரிமோட்டை அழுத்தினாள். படகு நகர்ந்தது. பனி நகர்ந்தது. துடுப்பு தண்ணீரில் விழும் ஓசை மட்டும் கேட்டது. படகுக்குள் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். கரை மெதுவாக வந்தது. பாதம் சேற்றில் பட்டதும் மகள் போனை அழுத்தினாள்.

"எவ்வளவு?"

"ஒரு நிமிஷம் இருபத்தஞ்சு செகண்டு."

அம்மா நோட்டின் மூலையில் அதை இருபத்து நான்கால் பெருக்கிப் பார்த்தாள். மேலே அவருடைய எழுத்து ஒரு வரியின் நடுவில் நின்றிருந்தது. "முப்பத்துநாலு நிமிஷம்" என்றாள். "நான் உள்ள வந்து நிறுத்தினப்போ பதினொன்னு முப்பத்தஞ்சு. அதுக்கு முப்பத்துநாலு நிமிஷம் முன்னாடி ரிமோட்டைத் தொட்டிருக்காரு. அப்புறம் தொடலை."

"பதினொன்னு" என்றாள் மகள்.

"பதினொன்னு. மிஞ்சிப்போனா பதினொன்னு அஞ்சு."

"அப்போ பதினொன்னே காலுக்கு..."

அம்மா வலப்பக்கத்துப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினாள். கிட்டத்தட்ட இருபது நிமிடத் தூரம். ஒரு குடிசை வந்தது. படகோட்டிக் கிழவன் கதவருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் வந்து நின்றாள். மூன்று மணி நேரப் படத்தில் மொத்தம் முப்பது வார்த்தைகூடப் பேச மாட்டார்கள் என்று அம்மா கேலி செய்திருக்கிறாள். அந்தப் பெண் ஆற்றின் பக்கம் கையைக் காட்டினாள். கிழவன் திரும்பாமலே சொன்னான்.

"ம்."

சற்றுக் கரகரத்த, பாதிக் கவனத்தோடு வந்த குரல். முப்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் வந்த அதே குரல்.

ரிமோட் அவள் கையிலிருந்து நழுவியது. மகள் குனிந்து எடுத்து நிறுத்தினாள்.

"போன்ல சித்தியோட பேசிட்டிருந்தேன்" என்றாள் அம்மா. வாய்தான் பேசியது, முகம் அசையவில்லை. "சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்தேன். அந்த மனுஷனைப் பத்தித்தான். 'நான் இங்க செத்துக் கிடந்தாக்கூட, படம் முடிஞ்சப்புறம்தான்டி அவருக்குத் தெரியும்'னு சொன்னேன். அவளும் சிரிச்சா."

"அம்மா, உடனே போயிருக்கும்மா. நீ பக்கத்துலயே இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும்."

மகள் அவள் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் தலை வைத்து அழுதாள். அம்மாவின் கை தன் தலைமேல் வரும் என்று எதிர்பார்த்தாள். கை வரவில்லை. அது நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். டாக்டர் பார்த்துவிட்டாராம், கையெழுத்துப் போட வரச் சொல்கிறார்களாம். அம்மா எழுந்து முகம் கழுவினாள். அலமாரியைத் திறந்து, தேய்த்து மடித்த ஒரு சட்டையையும் பேன்ட்டையும் எடுத்துப் பையில் வைத்தாள். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

கீழே இறங்கிய லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. அந்த மாடியில் குடியிருக்கும் நர்ஸ் உள்ளே வந்தாள். இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, காலையிலிருந்து இழுத்துப் போர்த்தித் தூங்கி எழுந்த முகம். கன்னத்தில் தலையணைக் கோடு இன்னும் அழியவில்லை.

"அட, பொண்ணு வந்திருக்காளா? எப்போ வந்தே?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நல்லவேளை உங்களைப் பாத்தேன். எங்க டிவியில எல்லாரும் மஞ்சக்காமாலை வந்த மாதிரியே தெரியுறாங்க. நானும் எதை எதையோ அமுக்கிப் பாத்துட்டேன். சார் சும்மா இருக்கும்போது ஒரு தடவை வந்து சரி பண்ணித் தரச் சொல்றீங்களா?"

மகள் வாயைத் திறந்தாள். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை அழுத்தின.

லிஃப்ட் கதவின் மேலிருந்த எண் இரண்டு என்றது, ஒன்று என்றது. தரைத்தளம் வந்து கதவு விலகியது.

"சொல்றேன்" என்றாள் அம்மா.

"நீங்க முதல்ல போங்கக்கா" என்று சொல்லி நர்ஸ், கதவு மூடிவிடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.