இசைவாணி அறுத்த நல்ல கயிறு

கட்டுமாவடிக் கடற்கரையில் காலை எட்டு மணிக்கே பட்டம் இசைவாணியின் மானத்தை வாங்கிவிட்டது.

பலகையில் நிற்கும் ஆளையே தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும் பெரிய பட்டம் அது. பட்டத்தை இருபக்கமும் பிடித்து நிறுத்தும் சூத்திரக் கயிறு அறுந்துவிட்டதென்று பயிற்சி முகாமில் தூக்கிப் போட்டதை அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். முகாமில் இரண்டு வருஷமாகப் பட்டங்களைக் கழுவி மடிப்பதுதான் அவள் வேலை. கழுவினதோடு சும்மா இருந்தாளா? மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கண்ணாலேயே களவாடி, ஓய்ந்த நேரத்தில் பலகையில் ஏறிப் பழகியும் விட்டாள். பதினொரு மணிக்குப் போட்டி. பெயர் கொடுத்த உள்ளூர் ஆள் அவள் ஒருத்திதான்.

ஏறிய பட்டம் இடப்பக்கமே சாய்ந்து, மூக்கு குப்புற மணலில் விழுந்தது. முகாம் பயிற்சியாளர் பாலாஜி சிரித்தார். போட்டிக்கு வரும் பட்டங்களைச் சோதிப்பது அவர்தான்; அவரும் போட்டியில் இறங்குகிறார்.

“இது வலை முடியிற வேலை இல்லீங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். அரை இன்ச் வித்தியாசம்னாலும் தண்ணியில எறக்க மாட்டேன்.”

இசைவாணிக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. வலையைப் பற்றிப் பேச இந்த ஆளுக்கு என்ன தெரியும்?

ஆனால் தப்பு அவள் மேல்தான். பட்டத்தின் சிறு கப்பியில் ஓடும் கயிறுதான் சூத்திரத்தில் முதலில் தேயும். இடப்பக்கக் கயிறு அறுந்திருந்தது, வலப்பக்கம் நன்றாக இருந்தது. அதன் அளவுக்கே இடப்பக்கத்துக்குப் புதுசு போட்டாள். மீன்பிடிக்கும் புகுந்த வீட்டில் அப்படித்தான். அறுந்ததை மட்டும் மாற்றுவார்கள். நல்ல கயிற்றில் கத்தி வைத்தால் கடல் முகம் சுளிக்கும் என்பார்கள். பழைய கயிறு நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடிந்திருந்தது. புதுசு முதல் இழுப்பிலேயே நீண்டுவிட்டது. பட்டம் சாயாமல் என்ன செய்யும்?

அவள் கத்தியை எடுத்தாள்.

“ஏய் வாணி, அது நல்ல கயிறுடி!” என்று பதறினான் புருஷன் அடைக்கலம்.

“நல்ல கயிறுதான். ஆனா ஜோடி சேரலையே. இங்கிட்டு வந்து இழுங்க.”

இரண்டு பக்கக் கயிற்றையும் அறுத்துப் போட்டு, ஒரே சுருளிலிருந்து இரண்டு துண்டு வெட்டிக் கடலில் நனைத்தாள். ஒரு முனையைக் கரையில் கிடந்த படகில் கட்டி, மறுமுனையை அடைக்கலமும் அவளும் குதிகால் மணலில் புதைய இழுத்தார்கள். கயிறு இனி நீளாது என்று கைக்குத் தெரிந்த பிறகே அளந்தாள். நுனியைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னிக் கப்பியில் கோத்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயின.

பத்தரைக்கு பாலாஜி முன்னால் பட்டத்தை விரித்தாள். “அளந்துக்கங்க சார்.”

அவர் டேப் வைத்து அளந்தார். சந்தேகம் தீராமல் மறுபடி அளந்தார். இரண்டு பக்கமும் ஒன்று.

“இருந்தாலும் கம்பெனி கயிறு இல்லையே...” என்று இழுத்தார்.

அதற்குமேல் இசைவாணிக்குப் பொறுக்கவில்லை. டேப்பை அவர் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் கிடந்த அவருடைய பட்டத்தின் கப்பிக் கயிற்றில் வைத்தாள். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஒரு இன்ச் கூடுதல்.

“கம்பெனி கயிறு சார். ஓடி ஓடி நீண்டு போச்சு. ஒங்கள எறங்காதீங்கன்னு நான் சொல்லல. என்னையும் சொல்லாதீங்க.”

பாலாஜி டேப்பைத் திரும்ப வாங்கிச் சுருட்டினார். அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பட்டத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

பட்டம் நேராக ஏறியது. பத்துப் பேரில் அவள் நான்காவதாகத்தான் வந்தாள்; பாலாஜி ஏழாவது. கரையேறி அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அவர் தன் பட்டத்தைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

“அந்தக் கயிறு மிச்சம் இருக்குங்களா?”

“இருக்கு. ஆனா ஒங்க கையாலதான் இழுக்கணும்” என்று படகைக் காட்டினாள் இசைவாணி.