முத்தாயியின் நான்கு நிமிடம்

பூபாலன் வாசலில் செருப்பைக் கழற்றினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் விலை குறைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். அனுப்பர்பாளையத்தில் பன்னிரண்டு மெஷின் போட்டு அந்தக் கம்பெனிக்கு நான் ஜாப் ஒர்க் செய்கிறேன். வீடியோ கேம் கன்ட்ரோலரைப் போட்டு வைக்கும் துணிப்பைதான் ஒரு வருடமாக எங்களுக்குச் சோறு. பைக்குப் பதினான்கு ரூபாய் தையல் கூலி.

"இனி ஒம்பது ரூபாதானுங்க அக்கா," என்றான், நாற்காலியில் உட்காருவதற்குள்.

"நூலும் கரண்டும் ஏறிக் கெடக்குதுங்க தம்பி. எந்தக் கணக்குல அஞ்சு ரூபா கொறைக்கறீங்க?"

"வெளிநாட்டுக்காரன் கேம் மெஷினையே நட்டத்துக்குத்தானுங்க விக்கறான். செய்யற செலவே விலைக்கு மேல. அந்த நட்டத்தைக் கன்ட்ரோலர், பை இதுகள்லதானே எடுக்கோணும்?"

"அவன் நட்டத்துக்கு வித்தா நாங்க எதுக்குங்க தண்டம் அழுகோணும்?"

பையில் விலைச் சீட்டைக் கட்டி அனுப்புவதும் நாங்கள்தான். ஒரு கட்டுச் சீட்டை எடுத்து அவன் முன்னால் வீசினேன். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து டாலர் என்று அச்சடித்திருந்தது.

"இருபத்தஞ்சு டாலர்ல எங்களுக்குப் பதினாலு ரூபா. அதுலயும் கை வைக்கறீங்களே, கூசலீங்களா?"

அவனுக்குக் கூசவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "ஒரு பைக்கு நாலு நிமிஷம். எங்காளுங்க இங்கயே ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாத்ததுங்க. நாலு நிமிஷத்துக்கு ஒம்பது ரூபாயே ஜாஸ்தி."

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அது. தை மாதம் கம்பெனி ஆட்கள் நேரம் குறிக்க வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் நம் யூனிட் மட்டமாகத் தெரியக்கூடாது என்று முத்தாயியை மெஷினில் உட்கார வைத்தேன். மற்ற டெய்லர்களுக்கு ஆறு நிமிடம் பிடிக்கும் பையை அவள் நாலில் முடிப்பாள். டீயும் வடையும் கொடுத்து, பெருமை பொங்க அவர்களை அனுப்பி வைத்தேன். புத்தி கெட்டவள் நான்.

"அது முத்தாயி கைங்க தம்பி!" என் குரல் உயர்ந்துவிட்டது. "ஒருத்தி வேகத்தை வெச்சுப் பன்னெண்டு பேருக்கும் கூலி போடறது என்ன நியாயமுங்க? அல்லாவுக்கே பொறுக்காது!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூன்றாவது மெஷினில் இருந்த சின்னத்தாய் தலை நிமிர்ந்தாள்.

"அதையேதானுங்க அக்கா நீங்களும் எங்களுக்குப் பண்ணுனீங்க."

உண்மைதான். பீஸுக்கு ஆறு ரூபாய் என்று நான் கூலி போட்டதும் முத்தாயியின் கையைப் பார்த்துத்தான். போதவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம், "அவ சம்பாதிக்கறாளே, உங்களுக்கென்ன கேடு?" என்று வாயை அடைத்திருக்கிறேன். போயும் போயும் இவன் முன்னால் சொன்னாளே என்று சின்னத்தாயை அறையலாம் போலிருந்தது.

பூபாலன் சிரித்தான். "கையெழுத்துப் போடுங்க அக்கா. இல்லீனா சேவூர்ல எட்டு ரூபாய்க்கே தைக்கறேங்கறாங்க."

போட்டேன். இந்த ஆர்டர் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அவன் கார் கிளம்பியதும், யார் முகத்தையும் பார்க்காமல், "இனி பீஸுக்கு நாலு ரூபா," என்றேன்.

முதலில் எழுந்தவள் முத்தாயி. சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"என் கையைக் காட்டி இவங்க வயித்துல அடிச்சிருக்கீங்க. தெரியாம நானும் பெருமைப்பட்டுட்டு இருந்தேனுங்க. இனி நீங்களே உக்காந்து தைங்க. எத்தன நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள்.