ஆர்கன் நுழையும் இடம்

"எனக்கில்லப்பா. உங்களுக்கு."

மகன் தலையைத் திருப்பி, தன் காதில் மாட்ட வந்த ஹெட்போனை விலக்கினான். அவ்வளவுக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. அவர் அதைக் கையில் பிடித்தபடி விழித்தார். வாழ்நாளில் ஒருமுறைகூட மாட்டிப் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. கட்டிலின் மறுபக்கத்திலிருந்து மருமகள் எழுந்து வந்து அதைச் சரியாகத் திருப்பி அவர் தலையில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டிருந்தார்கள். காலையில் ஊசி போட வந்த நர்ஸ் அவரைச் சமையலறைப் பக்கமாக அழைத்துப் போய், "இன்னிக்கோ நாளைக்கோன்னு மனசைத் தேத்திக்குங்க," என்றாள். அவளுக்குக் கட்டைக் குரல். அதனால் ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்காமலே போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குக் காது போய் வெகுகாலம் ஆகிறது. மோதி நசுங்கிய கார்களுக்கு ஒடுக்கு எடுக்கிற வேலை. தகரத்தில் சுத்தியல் விழுந்து விழுந்து, காது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. முதலில் கொசுவின் சத்தம் போனது. அது நல்லதாகத்தான் பட்டது. பிறகு வாசல் மணி போனது. பிறகு மெல்லிய குரலில் பேசுகிற மனிதர்கள் எல்லோரும் போனார்கள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பார், மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். பிறர் சிரித்தால் சிரிப்பார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அன்றிலிருந்து எல்லோரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். அதைவிட இது மேல்.

மகன் வேலை பார்த்தது பாட்டுப் பதிவு செய்கிற கூடத்தில். பாடுகிறவன் குரல் எவ்வளவு முன்னால் வரவேண்டும், வயலின் எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கலக்கிக் கொடுப்பான். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

"உங்க பையன் பாடுவானா?"

"இல்ல."

"ஏதாச்சும் வாசிப்பானா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதான் பண்றான்?"

"கேக்கறான். சம்பளம் குடுத்துக் கேக்கச் சொல்றாங்க."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் நேராகப் பட்டறைக்கு வந்து, கழற்றிப் போட்ட கார் சீட்டில் உட்கார்ந்து பாடம் எழுதுவான். பெரிய அடி அடிக்கவேண்டி வந்தால் அவர் முதலில் போய் அவன் காதில் பஞ்சை உருட்டி வைப்பார். தன் காதில் வைத்துக்கொள்ள ஒருநாளும் தோன்றியதில்லை.

இப்போது பாட்டு ஆரம்பித்தது. சத்தத்தை ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருந்தான் போலிருக்கிறது. ஓர் ஆண்குரல் கேட்டது. அதே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஒருவன் தனக்குத்தானே பேசுவது போல அவ்வளவு பக்கத்தில். அந்தப் பாஷை அவருக்குத் தெரியாது.

"இந்த பேண்டை எல்லாருக்கும் தெரியும்ப்பா," என்றான் மகன். அவர் அவன் உதடுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ரெக்கார்டுல முதல் பாட்டு பெரிய ஹிட். ஊர் உலகமே பாடுச்சு. இது கடைசிப் பாட்டு. இது வர்றதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடுவாங்க."

"பாவம்."

"பாவமெல்லாம் இல்ல. கேளுங்க."

ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தமே அவனுக்குப் போதுமாயிருந்தது. கண்ணை மூடியபடி கிடந்தான். திடீரென்று, போர்வைக்கு மேல் கிடந்த கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினான்.

"இப்ப. ஆர்கன் உள்ள வந்துடுச்சு. சர்ச்சுல வாசிப்பாங்களே, அது. எப்ப வந்துச்சுன்னே தெரியாம வரும். கேக்குதா?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குரல் இருந்தது. குரலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. பூட்டிய பட்டறை மாதிரி இருந்தது.

"கேக்குது," என்றார்.

மகன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். பிறகு மீண்டும் மூடிக்கொண்டான். நிறுத்தி நிறுத்திப் பேசினான். "இங்க கிட்டார் தனியா வரும். வேற எவனா இருந்தாலும் இந்த இடத்துல அதைக் கதற விட்டிருப்பான். ராக் பேண்ட் இல்லையா. இவங்க, பக்கத்து ரூம்ல கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு வாசிக்கற மாதிரி வெச்சிருக்காங்க. நீ கேட்டா கேளு, கேக்காட்டிப் போன்னு... என்னால முடியாதுப்பா அது. நானா இருந்தா பயந்துபோய் சத்தத்தை ஏத்தியிருப்பேன்."

"ம்ம்."

"ட்ரம்ஸ்காரன் இவ்வளவு நேரமும் சும்மா உக்காந்திருக்கான். கையை மடியில வெச்சுக்கிட்டு. கடைசிச் சரணத்துக்குத்தான் வருவான். இதோ..."

அது கேட்டது. அடிவயிற்றில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தியது போல, ஒன்று, பிறகு இன்னொன்று. அவர் திடுக்கிட்டு, தன்னை மறந்து சிரித்துவிட்டார். மகன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்ததும் மருமகள் ஹெட்போனைக் கழற்றினாள். காது மடல் இரண்டும் வெந்துபோன மாதிரி சூடாக இருந்தன.

"ஆர்கன் எப்படிப்பா இருந்துச்சு?"

இப்படிக் கேட்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். என்ன சொன்னாலும் தப்பாகப் போகும் என்று பட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இருக்கறதே தெரியலடா. ஒடுக்கு எடுத்தா அப்படித்தான் எடுக்கணும். இந்த இடத்துல கை வெச்சாங்கன்னே தெரியக்கூடாது."

மகனின் முகம் மெல்ல விரிந்தது. சிரிக்க முயன்று இருமினான். இருமலுக்கு நடுவே, பக்கத்திலேயே நின்ற மனைவியைப் பார்த்து, "கேட்டியா? அப்பா சொன்னதைக் கேட்டியா? எங்க யாருக்கும் இப்படிச் சொல்ல வரல பாரு," என்றான். அவள் அவன் நெஞ்சைத் தடவிக் கொடுத்தபடி, அழுகையை அடக்கிக்கொண்டு, "கேட்டேன், கேட்டேன். நீங்க பேசாம படுங்க," என்றாள்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. மருமகள் வெந்நீர் வைக்க உள்ளே போயிருந்தாள். மகன் தூங்குவது போலிருந்தது. படுக்கை நனையக்கூடாதே என்று அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கண்ணாடிக்கு அப்பால், எதிர்வீட்டு வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில், காரின் பின்கதவில் விழுந்திருந்த ஒடுக்கு நன்றாகத் தெரிந்தது. யாரோ கம்பத்தை ஒட்டித் திருப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து தொடக்கூடாது, உள்பக்கம் மரக்கட்டை கொடுத்து, ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே நடுவுக்கு வரவேண்டும். கை தானாக ஜன்னல் சட்டத்தில் தட்டியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது.

கண்ணாடியில் ஓர் உருவம் ஓடியது. திரும்பினார். மருமகள் ஈரக்கையோடு கட்டிலருகே மண்டியிட்டிருந்தாள். மகனின் தலை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் திறந்தே இருந்தது. வாயும் கொஞ்சம் திறந்திருந்தது.

மறுநாள் உச்சிவெயிலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார்கள். பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் உதடு தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு சமையலறைக்குப் போனார். மருமகள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "நேத்து எதுக்கு ஓடி வந்தே?"

அவள் குழாயை மூடினாள். புடவைத் தலைப்பில் கையை நிதானமாகத் துடைத்தாள். நடந்து வந்து அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"வேணாம் மாமா."

"சொல்லும்மா."

"அப்பான்னு கூப்பிட்டாரு."

"யாரை?"

கேட்ட பிறகுதான் அது என்ன கேள்வி என்று அவருக்கே உறைத்தது.

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்கன்னு நான் அடுப்பைப் பாத்துட்டிருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாரு. அப்பதான் எனக்கு..."

"பயந்து கூப்பிட்டானா?"

"இல்ல மாமா. சாதாரணமாத்தான். தண்ணி கேக்கற மாதிரி."

அவர் சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கை முட்டியைப் பற்றிக்கொண்டது.

"எனக்குக் கேக்கலம்மா. எனக்குக் காது..."

"தெரியும் மாமா." அவள் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, தரையில் உட்கார்ந்தாள். "அவருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட சொன்னாரு. அப்பாகிட்ட எதிர்ல போய் நின்னு பேசு, வெளிச்சம் உன் மூஞ்சியில விழற மாதிரி நில்லு. காதைப் பத்தி மட்டும் கேக்காத, சங்கடப்படுவாருன்னு."

அவர் அவளையே பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருமுறைகூட வேறு அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டதில்லை. சாப்பிட அழைக்கவும் நேரில்தான் வருவாள். அது அவள் வளர்ந்த விதம் என்று நினைத்திருந்தார்.

"அப்புறம் எதுக்கும்மா அந்தப் பாட்டை எனக்குப் போட்டான்?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வேற யாருக்குப் போடறதுன்னாரு."

கழுவாத டம்ளர்கள் தொட்டியில் கிடந்தன. அவர் உள்ளங்கையால் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். பிறகு எடுத்தார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

முன்னறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். மகனோடு வேலை பார்த்தவன். நெஞ்சுவரை தொங்குகிற தாடி, அதனால் தாடி என்றே பெயர். அந்தத் தாடி மறைப்பதால் அவன் பேச்சு அவருக்கு எப்போதுமே பிடிபடாது. மருமகள் திரும்பி, அவருக்காகச் சொன்னாள்.

"அவருக்குப் பிடிச்ச அந்தக் கடைசிப் பாட்டை, அவரோட ஸ்பீக்கர்லயே எல்லாரும் ஒருதடவை கேக்கணுமாம் மாமா. சின்னச் சத்தத்துலதான். போடட்டுமான்னு கேக்கறாரு."

"போடச் சொல்லும்மா."

முன்னறையில் மகனோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் அதை ஸ்பீக்கருக்கு முதுகுகாட்டித் திருப்பிப் போட்டு, அவர்களைப் பார்க்க உட்கார்ந்தார். தாடி எழுந்து போய் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வந்தான்.

அந்தச் சின்னச் சத்தத்தில் அவருக்குக் குரல்கூடக் கேட்கவில்லை. அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஒருவன் கண்ணை மூடினான். அவன் பக்கத்தில் இருந்தவன் நிமிர்ந்தான். தாடியின் தோள் மெல்லத் தளர்ந்தது. யாரோ அந்த அறைக்குள் வந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்தது போல எல்லோரும் லேசாக அசைந்து இடம் கொடுத்தார்கள். மருமகள் கதவு நிலையில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு ட்ரம்ஸ் வந்தது. தரை வழியாக அவர் பாதத்தில் ஏறியது. சற்று நேரம் இருந்தது. நின்றுவிட்டது.

அதற்கப்புறம் பாட்டில் இன்னும் ஏதாவது மிச்சம் இருந்ததா, இல்லை முடிந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி காத்திருந்தார்.