சல்லடையில் நின்றவை

அக்காவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. தம்பி பிறந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. பெரிய டாக்டரே வந்து குப்பியை நீட்டினாலும், "யாரோடது? எப்ப எடுத்தது?" என்று கேட்காமல் கையில் வாங்கமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். அப்படிப்பட்டவளிடம் போய்த் தம்பி, ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஷேர் டிரேடிங் செய்யப் போவதாகச் சொன்னான்.

"எவன்டா உன் மண்டையக் கழுவினது?"

"யாரும் கழுவலக்கா. நீயே வந்து பாரு."

சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்த கையோடு லேப்டாப்பைத் திறந்தான். திரையில் ஒரு ஸ்கேனர். சந்தையில் இருக்கும் அத்தனை பங்குகளையும் சலித்து, நேற்றைய உச்ச விலையைத் தாண்டி நிற்பவற்றை மட்டும் பொறுக்கிக் காட்டுமாம். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. எல்லாமே பச்சை, எல்லாமே அன்று ஏறியவை.

"காலையில இதை வாங்கியிருந்தா, இந்நேரம் எவ்வளவு லாபம்னு பாரு!"

அக்கா பார்த்தாள். நம்பவில்லை. அந்த ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீட்டில்தான் அம்மாவின் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போனால் அதுவும் போகும். லாபத்தில் கட்டிவிடலாம் என்றான் தம்பி.

அன்றிலிருந்து தோண்ட ஆரம்பித்தாள். தம்பிக்கு ஏதாவது காதல் கீதல் இருக்குமோ என்று முதலில் அவனையே நோண்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஸ்கேனரை விற்றவன் பொய் விலை காட்டுகிறானோ என்று தினமும் சாயந்திரம் வேலைவிட்டு வந்ததும் ஒவ்வொரு பெயரையும் பங்குச்சந்தையின் இணையதளத்தில் ஒத்துப் பார்த்தாள். ஒரு பைசா பிசகவில்லை. இணையத்தில் அந்த ஸ்கேனரைப் புகழ்ந்து எழுதியவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் போனில் குறுக்கு விசாரணை செய்தாள். ஒருவர் பயந்துபோய் லைனைக் கட் செய்தார், பாவம்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. கடைசியில் சந்தேகத்துக்கே அலுத்துவிட்டது.

"சரிடா. இதுல பொய் இல்ல. உன் இஷ்டம்," என்றாள். தம்பி அவளைத் தூக்கிச் சுற்றாத குறைதான்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளையடிப்பதால் அவளுக்கு விடுமுறை. தம்பி ராஜினாமா கொடுக்க ஆபீஸ் போய்விட்டான். லேப்டாப் மேஜைமேல் சும்மா கிடந்தது. அவளால் சும்மா இருக்க முடியுமா? திறந்தாள்.

சந்தை தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் நாற்பது பெயருக்கு மேல் இருந்தன. இவ்வளவா என்று யோசித்தபடியே அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றாவதாக இருந்த பெயின்ட் கம்பெனியைக் காணோம்.

'மாட்டினியா மவனே!' ஸ்கேனர்க்காரன் தோற்றவற்றை அழிக்கிறான் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் கம்பெனியின் விலையைத் தேடினாள். நேற்றைய உச்சத்தைத் தாண்டியிருந்தது, பிறகு சறுக்கியிருந்தது. அவ்வளவுதான். யாரும் எதையும் அழிக்கவில்லை. தாண்டி நிற்பதைக் காட்டு என்றால் காட்டுகிறது. கீழே இறங்கிவிட்டால் எடுத்துவிடுகிறது. சொன்ன வேலையைச் செய்யும் அப்பாவி இயந்திரம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பெயர்கள் சத்தமில்லாமல் கழன்றன. காலையில் வாங்குகிறவன் இந்த நாற்பதில் எதை வாங்குவான்? விழப் போவதையும் சேர்த்துத்தானே வாங்குவான்? சாயந்திரம் மிஞ்சுவது ஏறினவை மட்டும். தம்பிக்கும் வேலை, அவளுக்கும் வேலை. இருவரும் ஒரு நாள்கூடக் காலையில் இதைப் பார்த்ததில்லை. எப்ப எடுத்தது என்று ஊரையே கேட்பவள், இதை மட்டும் கேட்கவில்லை.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு அவனே கூப்பிட்டான்.

"அக்கா, குடுத்துட்டேன்! மேனேஜர் லேசுல விடல. நல்லா யோசிச்சியா, அம்மா நிலைமை என்னன்னு ஒரே கேள்வி. எங்க அக்காவே மூணு வாரம் அலசிப் பாத்துட்டு சரின்னு சொல்லிட்டாங்க சார்னேன். உங்க லேபுக்கு அவர் வந்தப்ப, அவரோட ரிப்போர்ட்டையே நம்பாம மறுபடி ரத்தம் எடுத்தவ இல்ல நீ? மனுஷன் அதை மறக்கல. அவங்களே சொன்னாங்களான்னு கேட்டார், உடனே கையெழுத்துப் போட்டுட்டார்!"

உள்ளறையில் அம்மா இருமும் சத்தம் கேட்டது.

"இப்பவே திரும்பி உள்ள போடா," என்றாள். "கால்ல விழுந்தாவது லெட்டரைத் திரும்ப வாங்கிடு. நான் தப்பாப் பாத்துட்டேன்."

எதிர்முனையில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா தப்பாகப் பார்த்தாள் என்று அவன் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதே இல்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து, "நல்ல ஜோக்குக்கா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.